அரையடி உயரம்

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்த ரியாசுதீன், முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், "இது வேலைக்கு ஆவாது கோவிந்தசாமி" என்றார்.

"சரி பாய்" என்றான் கோவிந்தசாமி.

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் மீனம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறைக் கொட்டகை ஓரத்தில் கிடந்த லாரி டயர்மேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். புருஷனைத் தனியாக அனுப்பினால் இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவான் என்று தெரிந்துதான், களை எடுக்கிற வேலையை விட்டுவிட்டு அவனோடு செஞ்சிக்கு வந்திருந்தாள்.

"இன்னா சரி? இந்த ஒரு வார்த்தையக் கேக்கறதுக்கா காலங்காத்தால கெளம்பி வந்தோம்?"

ரியாசுதீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். சாதாரணமாக வண்டிக்காரர்களின் பெண்சாதிகள் பட்டறைக்கு வருவதில்லை. வந்தாலும் பேசுவதில்லை.

"நான் சொல்றதக் கேளும்மா. இது பழைய ஜீப்பு பிக்கப்பு. அடியில பாரம் தாங்கற வில்லுப் பட்டை எல்லாம் படுத்துக் கெடக்குது. நிமித்திக் குடுன்னா நிமித்தித் தரன். கம்பெனிக்காரன் வெச்ச உசரத்தவிட அரையடி தூக்கிக் குடுன்னா எப்டி? வளைவுல ஒரு பக்கம் சாயும். பிரேக்கு போட்டா மூக்கால குத்தும். நாளைக்கி எங்கியாவது கவுந்தா ரியாசு பாய் பட்டறையில செஞ்சதுன்னுதான பேசுவானுங்க. அப்டி எங்க ஏத்தப் போறீங்க, கோட்ட மலைமேலயா?"

"எங்க வூட்டுக்கு ஏத்தப் போறோம்."

"வூட்டுக்கா?"

"ஆமா. வாங்குன நாளா அது எங்க வூட்டு வாசலப் பாத்தது இல்ல."

கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தின் காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அது நன்றாகத்தான் இருந்தது. பேச்சு தடிக்கிற இடத்தில் எதையாவது தொட்டுப் பார்ப்பது அவன் வழக்கம்.

நெடும்பட்டு, செஞ்சியிலிருந்து தளவானூர் பக்கம் போகிற தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு ரோடு உண்டு. காலனிக்கு வண்டிப்பாதைதான். அந்தப் பாதையும் மணியக்காரர் இளையபெருமாளின் இரண்டு நிலங்களுக்கு நடுவே போகிறது. சர்க்கார் மணியத்தை எடுத்துவிட்டுச் சில வருஷங்கள் ஆகியும் பேர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கோவிந்தசாமி அரிசி மில் லாரியில் டிரைவராக இருந்த வரைக்கும் பாதைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாங்கியில் லோன் கிடைத்து, கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்க இந்த வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு வருவதற்கு முந்தின நாள், மேற்கு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சவேண்டும் என்று இளையபெருமாள் பாதைக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டினார். வாய்க்காலின் இரண்டு கரையிலும் கரை சரியாமல் இருக்க என்று கல்லை நட்டார். ஆள் தாண்டலாம். ஆடு தாண்டும். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தாண்டலாம். வண்டி தாண்ட முடியாது. ஒரு தரம் கோவிந்தசாமி முயன்று பார்த்தான். பின் அச்சின் நடுவில் பானை மாதிரி தொங்கும் இரும்பு கல்லில் மோதி, எண்ணெய் ஒழுகி, வண்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து வண்டி ரோட்டோரப் புளியமரத்தடியில்தான் நிற்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு நாள் காற்று இறங்கியிருக்கும். ஒரு நாள் சீட்டில் சாணி இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரியாசுதீன் பீடியைப் பற்றவைத்தார்.

"ரெண்டு சிமெண்டு கொழா வாங்கிப் போட்டு மேல மண்ணத் தள்ளுனா தண்ணியும் போவும், வண்டியும் போவும். இதுல இன்னா இருக்குது?"

"அது மணியக்காரருக்குத் தெரியாதா?" என்றாள் மீனம்பாள். "தண்ணி போறதுக்கா வெட்டுனாரு?"

"அப்ப கல்லத்தான்மா எடுக்கணும். வண்டிய ஏன் தூக்கறீங்க?"

 மலைப்பக்கமிருந்து வந்த காற்று பாறையின் சூட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து கொட்டகைக்குள் கொட்டியது. கோவிந்தசாமி மெதுவாக, "ஊர்ல இருந்துதான் பாய் பொழைக்கணும்" என்றான்.

ரியாசுதீன் அவனை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்தார். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"கல்லு எவ்ளோ உசரம்?"

மீனம்பாள் தன் காலில் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். அவளுக்கு அந்த உயரம் நன்றாகத் தெரியும். அதன்மேல்தான் அவள் விழுந்தாள்.

போன கார்த்திகையில் நடந்தது அது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய கரு. மாதம் நெருங்க நெருங்க மழையும் நெருங்கி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு பாதை முழுக்கச் சேறு. மீனம்பாள் நச்சரித்து நச்சரித்து, கோவிந்தசாமி இளையபெருமாளிடம் போனான். "ஐயா, வூட்ல மாசமா இருக்குது. ரெண்டு பலகை போட்டுக்கறேங்க ஐயா, வண்டி தாண்டற மட்டும்" என்று கேட்டான். "மழ நிக்கட்டும், பாக்கலாம்" என்றார் அவர். "சரிங்க ஐயா" என்று வந்துவிட்டான். மழை நிற்கவில்லை. வலி எடுத்த அன்று அவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கினார்கள். முன்கால் பிடித்தது கோவிந்தசாமியின் அண்ணன் பொன்னுசாமி. வாய்க்காலில் இறங்கியதும் அவன் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்தது. மீனம்பாள் உருண்டு கல்லின்மேல் விழுந்தாள். அந்நேரம் வயலோரத்துத் தன் மோட்டார்க் கொட்டகை வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு இளையபெருமாள் நின்றிருந்தார். "பாத்து, பாத்து" என்று அங்கிருந்தே சொன்னார். அது அவளுக்கு நன்றாகக் கேட்டது. செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றுக்குள் அசைவு இல்லை. ஆண் பிள்ளை. முடி நிறைய இருந்தது.

அதற்கப்புறம் அவள் அழுததைவிடக் கோபப்பட்டது அதிகம். யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள். அடுப்பு புகைந்தால் அடுப்பைத் திட்டினாள். காலனியில் அவளை ஏதோ பேய் பிடித்துக்கொண்டது என்று பேசினார்கள். அவளை எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கல் தினமும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். வேலைக்குப் போக ஒரு தரம், வர ஒரு தரம் அதைத் தாண்டவேண்டியிருந்தது.

ரியாசுதீன் வேலையை ஆரம்பித்தார். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி நாலு பக்கமும் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். சக்கரங்களைக் கழற்றினார்கள். பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனரின் வாலில் நீளக் குழாயைச் செருகி, கோவிந்தசாமியும் அவரும் சேர்ந்து தொங்கினார்கள். நட்டு அசையவில்லை. மீனம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குழாயின் நுனியைப் பிடித்தாள்.

"நீ நவுரு. கைய கிழிச்சுக்குவ" என்றான் கோவிந்தசாமி.

"புடிய்யா."

மூன்று பேரும் அமுக்கியதில் கிறீச்சென்று நட்டு பிடி விட்டது. ரியாசுதீன் சிரித்தார். "ஆள் வேணும்னா ஒங்க வூட்டம்மாவ அனுப்பு, நீ வர வேணாம்" என்றார். கோவிந்தசாமியும் சிரித்தான். மீனம்பாள் சிரிக்கவில்லை.

பட்டைச் செட்டைக் கழற்றிப் பிரித்துத் தரையில் வரிசையாகப் போட்டார்கள். பெரியதன்மேல் சிறியதாக அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகள் வளைவெல்லாம் போய்ப் பலகைபோல நிமிர்ந்து கிடந்தன. கொல்லைப்புற உலையில் ஒவ்வொன்றாய்க் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, ரியாசுதீன் அவற்றுக்கு வில் மாதிரி வளைவு ஏற்றினார். உடைந்த லாரியில் எடுத்து வைத்திருந்த தடித்த பட்டைகளை அளவுக்கு வெட்டி, செட்டுக்கு ஒன்றாகக் கூடுதலாய்ச் சேர்த்தார். பட்டையின் நுனியைச் சட்டத்தில் மாட்டும் கொக்கிகளையும் நீளமாக வெட்டிப் புதிதாகச் செய்தார். "தூக்குனா மட்டும் போதாது, பிரேக்கு ஓசு எட்டாது. கவனிக்காம வுட்டா பாதி வழியில அத்துக்கும்" என்று சொல்லி, பிரேக் எண்ணெய் போகும் அந்த ரப்பர்க் குழாயையும் நீளமாக மாற்றினார்.

துருத்திப் பக்கம் உட்கார்ந்து மீனம்பாள் இரும்பு சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து ரியாசுதீனின் மனைவி ஹுசைன் பீ வந்து, "வெயில்ல இன்னாத்துக்கு நெருப்பாண்ட குந்திக்கினு இருக்கிற, உள்ள வா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். சோற்றில் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட குழம்பை ஊற்றி எதிரில் வைத்தாள். தனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்டு. ஒங்க வூட்டுக்காரரு சொன்னாராம், பாய் எல்லாம் சொன்னாரு" என்றாள் ஹுசைன் பீ. "எனக்கும் ஒண்ணு அப்டிப் போச்சு. அப்பறம் ரெண்டு பொறந்துது. மனசப் போட்டு வறுத்துக்காத. ஆண்டவன் குடுப்பான்."

"ஒங்களுதும் இப்டிக் கல்லுல தள்ளியா போச்சு?"

ஹுசைன் பீ கையை நிறுத்தினாள். "இல்ல. காய்ச்சல்ல."

"காய்ச்சல்ல போனா யாரக் கேக்கறது? நானும் கேட்டிருக்க மாட்டன். இதுக்கு ஆள் இருக்குது. பேரு இருக்குது. தெனம் வெள்ள வேட்டி கட்டிக்கினு எம் முன்னால போவுது. 'வேலைக்கு வரலியா மீனம்பா'ன்னு கேக்குது."

"ஒங்க வூட்டுக்காரரு ஒண்ணியும் கேக்கலியா?"

"அவரா?" மீனம்பாள் சோற்றைப் பிசைந்தாள். "அவுரு நல்லவரு. ரொம்ப நல்லவரு."

அவள் சொன்ன விதத்தைக் கேட்டு ஹுசைன் பீ இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் கட்டைகளை எடுத்து வண்டியைத் தரையில் விட்டார்கள். பழைய பச்சை வண்டி, நீட்டிப் படுத்திருந்த மாடு எழுந்து நின்ற மாதிரி நின்றது. சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே ஒரு ஆள் தலையை நுழைக்கலாம். மீனம்பாள் பின்னால் குனிந்து, அச்சின் நடுவில் தொங்கும் இரும்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். அது கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தது. "ஏன் பாய், இது அப்டியே இருக்குதே?"

"அத சக்கரந்தாம்மா தூக்கணும். அதனாலதான் சின்ன லாரில ஓடுன பெரிய டயரு நாலு போட்டுருக்கறன், பாக்கலியா? சக்கரத்துக்கு எடம் வேணும்னுதான் பட்டையத் தூக்குனது. ரெண்டும் சேந்து தாண்டிடும். ஆனா ஒண்ணு." அவர் கோவிந்தசாமியின் பக்கம் திரும்பினார். "கரும்பு, சவுக்குன்னு உசரமா பாரம் ஏத்தாத. வளைவுல மெதுவாப் போ. இதுக்கு மேல ஒரு விரக்கடைகூட என்னக் கேக்காத."

மறுநாள் காலை காலனியே பாதையில் வந்து நின்றது. தார் ரோட்டிலிருந்து வண்டி திரும்பி வாய்க்காலை நோக்கி வந்தது. மீனம்பாள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு உயரத்திலிருந்து அவள் அந்தக் கல்லைப் பார்த்ததே இல்லை. கோவிந்தசாமி நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, நடக்கிற வேகத்தில் விட்டான். முன்சக்கரம் கல்லில் ஏறி வண்டி வானத்தைப் பார்த்தது. அப்புறம் வாய்க்காலுக்குள் தலையைக் கவிழ்த்தது. அடியில் எதுவோ லேசாக உரசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையில் ஏறியது. நின்றிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பொன்னுசாமியின் பெண்சாதி நாகம்மாள் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

மோட்டார்க் கொட்டகை வாசலில் இளையபெருமாள் நின்றிருந்தார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாடா கோவிந்தா, வண்டிக்குக் காலு மொளச்சிடுச்சா?" என்றார்.

கோவிந்தசாமி வண்டியை நிறுத்தினான். தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "எல்லாம் ஒங்க தயவுதாங்க ஐயா."

மீனம்பாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வீடு வரைக்கும் வண்டியில் வரவில்லை. நடந்து வந்தாள். வாசலில் வண்டி நிற்க, பிள்ளைகள் எல்லாம் அதன்மேல் ஏறிக் குதிக்க, அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏம்மே, நீ கேட்டதுதான நடந்துது. இப்ப இன்னா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டான் அவன்.

"தயவா? எந்தத் தயவு? எத எடுத்துக்கினதுக்குத் தயவு?"

"வாயில வந்துடுச்சு. பழக்கம்."

"எனக்கும் பழக்கம் இருந்துது. எனக்கு வுட்டுப்போச்சு. ஒனக்கு ஏன்யா வுட்டுப்போவல?"

அவன் கதவின் கொண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

வண்டி காலனிக்கு வந்து போனது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. செஞ்சி சந்தையில் ஆடுகளை இறக்கிவிட்டுத் திரும்பிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிந்தசாமி வண்டியைப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். வாய்க்காலின் இரண்டு கரையிலும் பழைய கற்கள் இல்லை. அவற்றின் இடத்தில், மலைப்பாறையை உடைத்து எடுத்த பலகைக் கற்களைக் குத்துக்கல்லாய் நட்டிருந்தார்கள், கரைக்கு இரண்டாக. மண்ணுக்கு மேலேயே தொடை உயரம் நின்றன. நாகம்மாள் விஷயத்தை முன்பே வந்து சொல்லிவிட்டாள். கல்லை நட்டதும் காலனி ஆட்கள்தான். மணியக்காரர் கூலிக்குக் கூப்பிட்டார், போனார்கள்.

"கல்லப் பாத்துட்டு அப்டியே திரும்பிப் போயி பாயப் பாத்தன்" என்றான் கோவிந்தசாமி, கை கால் கழுவிக்கொண்டே. "இன்னும் நாலு விரக்கடை தூக்க முடியுமான்னு கேட்டன். இதுக்கு மேல தூக்குனா நின்ன எடத்துலயே கவுந்துரும்னு கைய விரிச்சிட்டாரு."

மீனம்பாள் அடுப்பில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் இன்னா நெனக்கறன்னா," என்று அவன் தொடர்ந்தான், "தோப்பச் சுத்தி ஒரு வழி இருக்குது. காலையில போய் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டன்னா..."

அவள் கையிலிருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தாள். களி தெறித்து அவன் சட்டையிலும் பட்டது.

"கேளு. போய்க் கேளு. அவுரு கல்ல ஒசத்தி வெச்சா நீ வண்டிய ஒசத்து. அவுரு இன்னும் ஒசத்தி வெச்சா நீ தோப்பச் சுத்து. நாளைக்கித் தோப்புல கல்லு வெச்சா ஏரியில நீஞ்சி வா. கேட்டுக்கினே இரு. அவுருக்கு வேலயே அதான். நாம கேக்கறதக் கேக்கறதுக்குத்தான் அவுரு கல்லே வெக்கறாரு. தெரியலியா ஒனக்கு?"

அவன் சட்டையில் ஒட்டிய களியை விரலால் வழித்தான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் அவள் வண்டிக்குப் போனாள். பாரம் கட்டுகிற இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கல்லின் அடியில் கையால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். நாகம்மாள், "ஏண்டி, நம்ம சனங்களுக்கு வேல வேணாமா? மல்லாக்கொட்ட பறிக்கற நேரம். அவுரு கூப்புடலன்னா அடுப்பு எரியுமா?" என்றாள். மீனம்பாள் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தாள். நகத்தில் ரத்தம் கட்டியது.

கூட்டத்திலிருந்து பொன்னுசாமி வெளியே போனான். அவனும் வேலைக்குத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடப்பாரையோடு திரும்பி வந்தான். கார்த்திகைக்கு அப்புறம் அவன் மீனம்பாளின் முகத்தைப் பார்த்துப் பேசினதே இல்லை. இப்போதும் பார்க்கவில்லை. "நவுரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லின் அடியில் கடப்பாரையை இறக்கினான்.

கோவிந்தசாமி வந்தபோது கல்லைச் சுற்றிச் சங்கிலி போட்டாகிவிட்டது.

"வண்டிய எடுத்துக்கினு வா" என்றாள் மீனம்பாள்.

அவன் கல்லையும் அண்ணனையும் பார்த்தான். மோட்டார்க் கொட்டகைப் பக்கம் பார்த்தான். பிறகு ரோட்டோரம் போய் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பொன்னுசாமி சங்கிலியின் மறுமுனையை வண்டியின் கொக்கியில் மாட்டினான்.

அதற்குள் இளையபெருமாள் வந்துவிட்டார். ஓடி வரவில்லை. வயலைப் பார்க்க வருகிற மாதிரிதான் நடந்து வந்தார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சங்கிலி சுற்றிய கல்லின்மேல் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எடுங்கடா பாக்கலாம்" என்றார்.

"ஒங்க தண்ணிய நாங்க மறிக்கல," என்றாள் மீனம்பாள். "வாய்க்கா அப்டியே கெடக்கும். இதே கல்ல மேல படுக்க வெச்சிப் போயிக்கறோம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்து, "கோவிந்தா, பொட்டச்சி பேசறா, நீ வண்டிக்குள்ள குந்திக்கினு இருக்கிற. ஒங்க நைனா என் வாசல்ல கைகட்டி நின்ன ஆளு. எறங்கி வந்து சங்கிலியக் கழட்டு" என்றார்.

வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு எஞ்சின் அணைந்தது.

மீனம்பாளின் காதில் அந்த அமைதி ஓங்கி அறைந்தது. முடிந்தது என்று நினைத்தாள். இப்போது கதவு திறக்கும், சரிங்க ஐயா என்பான், சங்கிலியைக் கழற்றுவான், சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பான். அவள் கீழே கிடந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தாள். யாரை அடிக்க என்று அவளுக்கே தெரியவில்லை.

கோவிந்தசாமி இறங்கினான். அந்த உயரத்திலிருந்து குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. நடந்து வந்து இளையபெருமாளுக்கு முன்னால் நின்றான்.  உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. 

"எழுந்திரு" என்றான்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இளையபெருமாளுக்கும்தான். "இன்னாடா சொன்ன?"

"எழுந்திருன்னு சொன்னன்."

வேறு எதுவும் அவன் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. இளையபெருமாள் அவன் முகத்தையே பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தப் பையன் தன்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடிக்க வந்திருந்தால் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருக்கும். கூட்டத்தைப் பார்த்தார். நேற்றுக் கூலிக்குக் கல்லை நட்டவர்களும் அதில் நின்றிருந்தார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கோவிந்தசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்தார். எழுந்ததை அவரே கவனிக்காதது போல இருந்தது. பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டு, "பாக்கறன்டா. ஸ்டேஷன்ல பாக்கறன்" என்று சொல்லிக்கொண்டே வரப்பில் ஏறி நடந்தார்.

கோவிந்தசாமி திரும்பி வண்டியில் ஏறினான். கீழ்க் கியரில் வண்டி முக்கியது. பெரிய சக்கரங்கள் மண்ணைக் கிளறின. புது வளைவு ஏற்றிய பட்டைகள் நெறிந்தன. சங்கிலி விண்ணென்று இழுபட்டு, கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேரோடு பிடுங்கின மாதிரி மேலே வந்தது. அப்புறம் ஆட்கள் தானாகவே இறங்கினார்கள். நாலு கற்களையும் எடுத்து, சக்கரம் போகிற தடத்துக்கு இரண்டு இரண்டாக வாய்க்காலின்மேல் படுக்கவைத்தார்கள். தண்ணீர் அடியில் எப்போதும் போல ஓடியது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பாதை புறம்போக்கு, தண்ணீர் தடையில்லாமல் போகிறது, யாருக்கும் அடியில்லை. கோவிந்தசாமியை ஒரு பகல் முழுக்க உட்காரவைத்துவிட்டு அனுப்பினார்கள். ஆனால் நாகம்மாள் சொன்னது நடந்தது. அந்த வருஷம் நிலக்கடலை பறிக்கக் காலனியிலிருந்து ஒரு ஆளைக்கூட ஊரில் கூப்பிடவில்லை. வெளியிலிருந்து ஆள் பிடித்தார்கள். கோவிந்தசாமி விடியற்காலையில் சனங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பனமலைப் பக்கம் போனான். அந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் கடலை நன்றாக விளைந்திருந்தது, ஆள் பற்றாக்குறை. வண்டி உயரம் என்று கிழவிகள் திட்டிக்கொண்டே ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்து ஏறினார்கள். மீனம்பாளும் போனாள்.

பறிப்பு முடிந்த கடைசி நாள், எல்லோரையும் காலனி முனையில் இறக்கிவிட்ட பிறகு, இரவல் வாங்கிக் கொண்டுபோன தார்ப்பாயை ரோட்டுக் கடையில் திருப்பிக் கொடுக்க இரண்டு பேரும் மறுபடி போனார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாய்க்காலின்மேல் கல் அசையாமல் வண்டி கடந்தது. கோவிந்தசாமி மனசு நிறைந்து போயிருந்தான்.

"பாத்தியா, ஆட்டமே இல்ல" என்றான். "அவுரு முன்னால போயி அப்டிச் சொல்லுவன்னு நானே நெனக்கல. இப்ப நெனச்சாலும் நெஞ்சு அடிச்சிக்குது. ஒரு வார்த்தைக்கு எழுந்துட்டாரு பாரு. ஒரே வார்த்த."

மீனம்பாள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"ஒரே வார்த்ததான்" என்றாள். "அத கார்த்திகையில சொல்லியிருந்தா எம் புள்ள இருந்திருக்கும்."

வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனது. பிறகு கோவிந்தசாமி அதைப் பாதையின் நடுவிலேயே நிறுத்தினான். மழை, சேறு, காலம், விதி என்று அவன் என்னென்ன சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவன் ஸ்டியரிங்கைத் தொட்டான், கண்ணாடியைத் தொட்டான், கையை எடுத்துவிட்டான்.

"ஆமா" என்றான். "இருந்திருக்கும்."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநாள் கழித்து அப்போதுதான் பார்த்தாள். அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் அவள் கதவைத் திறந்து இறங்கி நடக்கவில்லை. அவன் அழுது முடித்து வண்டியை எடுக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.